சுரம் சரியாக இருந்தும் ரீல் வரவில்லையே!

கேள்வி: அயர்லாந்தின் கால்வே நகரில் வசிக்கிறேன். ‘த மெர்ரி பிளாக்ஸ்மித்’ என்ற ரீலை (ஐரிஷ் ஆட்ட மெட்டு) அச்சிட்ட இசைக்குறிப்பைப் பார்த்து டின் விசில் என்ற சிறு ஊதுகுழலில் பயின்று, சுரம் தவறாமல் வாசிக்கிறேன். ஆயினும் பப்பில் பலர் கூடி வாசிக்கும் செஷனில் பாதியிலேயே பின்தங்கிவிடுகிறேன். தனியே வாசித்தாலும் ரீலாக ஒலிப்பதில்லை. வேகத்தைக் கூட்டுவதா, ரோல் முதலிய அலங்காரங்களைக் கற்பதா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். உங்களுக்குக் குறைவது நடை. ரீல் ஆட்டத்துக்காகப் பிறந்த இசை. ஒவ்வொரு தாளக் கட்டத்திலும் எட்டுச் சுரங்கள் ஓட, கால் இரண்டு முறை தட்டும். எட்டையும் ஒரே எடையில், ஒவ்வொன்றையும் நாக்கால் தட்டி வாசித்தால் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலாகிவிடும். இணை இணையாக வரும் சுரங்களில் முதலாவதை இம்மியளவு நீட்டி, அடுத்ததைச் சற்றே சுருக்குங்கள்; மிகைப்படுத்தினால் அது ஹார்ன்பைப் என்ற வேறுவகை ஆட்ட மெட்டு ஆகிவிடும் என்பதால், அளவைக் காதுதான் தீர்மானிக்க வேண்டும். நாக்கைச் சில சுரங்களுக்கு மட்டும் பயன்படுத்தி, மற்றவற்றை ஒரே மூச்சில் விரல்களிடம் விட்டுவிடுங்கள்.

நீங்கள் பின்தங்குவதற்கு மூச்சே காரணம் என்று கருதுகிறேன். இம்மெட்டில் ஓய்வுக்கென்று இடமே எழுதப்பட்டிருக்காது. புதியவர்கள் வரி முடிந்ததும் நின்று மூச்சிழுக்கிறார்கள். அந்தக் கணத்தில் மற்றவர்கள் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அனுபவசாலிகள் மூச்சுக்காகத் தாளத்தை நிறுத்துவதில்லை, ஒரு சுரத்தையே விட்டுவிடுகிறார்கள். இந்த மெட்டின் முதல் சுரமான மேல் ‘டி’ இரண்டு சுரங்களின் காலம் நிற்கும். முதற்பகுதிக்குத் திரும்பும்போது அதைப் பாதியில் முடித்து, மீதிப் பாதியில் மூச்செடுத்துப் பாருங்கள். வரியின் ஓட்டமும் அறுபடாது.

இவை எதுவும் தாளில் இருக்காது. சிகாகோ காவல்துறைத் தலைவராயிருந்த பிரான்சிஸ் ஓ’நீல் 1903இல் 1,850 மெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டது பெரும் பணிதான். ஆனால் அச்சில் நிற்பது மெட்டின் எலும்புக்கூடு மட்டுமே. உங்கள் பப்பில் வாசிப்பவர் ஒருவரிடம் அனுமதி பெற்று அவர் வாசிப்பதைப் பதிவு செய்யுங்கள். அங்கு வழங்கும் வடிவம் உங்கள் தாளிலிருந்து சற்று வேறுபடவும் கூடும். பிறகு விசிலைத் தொடாமல், ஐரிஷ்காரர்கள் ‘லில்டிங்’ என்று செய்வதைப் போல, பொருளற்ற அசைகளால் மெட்டை முழுவதும் பாடுங்கள். எட்டுக் கட்டம் கொண்ட இரு பகுதிகளையும் தலா இரு முறை பாட வேண்டும், ஆக மொத்தம் 32 கட்டங்கள். அதன் பின் நிமிடத்துக்கு 60 தட்டு என்ற நிதானத்தில் வாசியுங்கள். செஷனில் அது 100ஐத் தாண்டும் என்பது இப்போதைக்கு உங்கள் கவலையாக வேண்டாம்.

ரோல் பற்றி ஒரு சொல்: அது ஒரே சுரத்தை மேல் விரலைக் கணநேரம் தூக்கும் ‘கட்’டாலும் கீழ் விரலின் தட்டலாலும் மூன்றாகப் பிரிப்பது. நடை உறுதியாகும் முன் அதை நுழைத்தால் தாளம்தான் சிதறும்.

செஷனில் தெரியாத மெட்டைத் தடவித் தேடுவதைவிட, விசிலை மடியில் வைத்துக்கொண்டு கேட்பதையே மரியாதையாகக் கருதுவார்கள். ஒரு மெட்டைத் தொடங்கும்படி உங்களை அழைத்தால் தயங்காதீர்கள். தொடங்குபவர் வைப்பதே வேகம், மற்றவர்கள் அதற்கு இணங்குவார்கள். இரண்டு மூன்று ரீல்களைக் கோத்து வாசிப்பது வழக்கமாதலால், உங்களுக்கு இது ஒன்றுதான் தெரியும் என்பதை முன்னதாகவே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்ததை அவர் எடுத்துக்கொள்வார்.