அந்தக் கதவு ஏன் மேல்நோக்கித் திறக்கிறது? பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள்: கேள்வி பதில்

1950-கள் முதல் 1980-கள் வரை வந்த ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகள் இவை. பாதிக்கு மேல் அழகைப் பற்றியவை. என் பதில்களோ இன்ஜினும் காரைத் தாங்கும் சட்டமும் (சேஸிஸ்) எங்கே இருக்கின்றன என்பதில்தான் போய் நிற்கும். இந்தக் கார்களின் உருவம் அங்கிருந்துதான் பிறந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

கே: மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரின் கதவுகள் சிறகு மாதிரி மேலே திறப்பது வெறும் ஸ்டைலுக்குத்தானே சார்?

இல்லை. அந்தக் காருக்கு வேறு வழியே இருக்கவில்லை. 1952-ல் பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மெர்சிடிஸ் காரின் நேரடி வாரிசு இது. எடையைக் குறைப்பதற்காக, மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்துச் சட்டம் செய்தார்கள். மெர்சிடிஸ் பொறியாளர் ரூடால்ஃப் ஊலன்ஹவுட் தலைமையில் நடந்த வேலை அது. சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, பக்கவாட்டுக் குழாய்கள் உயரமாகப் போக வேண்டியிருந்தது. சாதாரணக் கதவுக்கு இடம் மிஞ்சவில்லை. கீலைக் கூரையில் வைத்தார்கள். உட்காருபவரின் கால் உள்ளே நுழைய ஸ்டீயரிங் வீலும் மடங்கும்.

1954-ல் நியூயார்க் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் கூபே (கூரை மூடிய இரண்டு கதவுக் கார்) மொத்தம் 1,400 மட்டுமே தயாரானது. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைச் செலுத்தும் முறை ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினோடு விற்பனைக்கு வந்த முதல் கார் இதுதான். அதில் ஒரு சிக்கலும் உண்டு. சாவியை அணைத்த பிறகும், இன்ஜின் சுழன்று நிற்கும்வரை பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிவிடும். அதனால், பக்கத்துத் தெரு வரை ஓட்டிவிட்டு நிறுத்தும் பழக்கம் இந்தக் காருக்கு ஆகாது.

கே: அண்ணா, லம்போர்கினி மியூராவா, கவுன்டாச்சா? ஒன்றுதான் சொல்ல வேண்டும்.

மியூரா. யோசிக்கவே வேண்டாம் தம்பி.

1965 டூரின் கண்காட்சியில் பாடியே இல்லாமல் வெறும் சேஸிஸை வைத்தார்கள். அதைப் பார்க்கவே கூட்டம் கூடியது. அடுத்த ஆண்டு ஜெனீவாவில் முழுக் கார் வந்தது. லம்போர்கினி பொறியாளர்கள் ஜான் பாவ்லோ டல்லாரா, பாவ்லோ ஸ்டான்சானி, உருவம் கொடுத்த பெர்டோனே நிறுவனத்தின் மார்செல்லோ கன்டீனி ஆகிய மூவருக்கும் அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

அவர்கள் எடுத்த முடிவைப் பாருங்கள். பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின் நீளமானது. அதை ஓட்டுநருக்குப் பின்னால் குறுக்காகத் திருப்பி வைத்தார்கள். கார் குட்டையானது, தாழ்ந்தது. தரையிலிருந்து கூரை வரை ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அந்த இடுப்பு வளைவும், பின்பக்கம் திமிறி நிற்கும் தோரணையும் அதிலிருந்து வந்தவை.

குறைகளும் அதே முடிவிலிருந்து வந்தவைதான். இன்ஜின் பின்னால் போனதால் பெட்ரோல் டேங்க் முன்னால் வந்தது. டேங்க் காலியாகக் காலியாக மூக்கு லேசாகி, அதிவேகத்தில் முன்பக்கம் மேலே தூக்கப் பார்க்கும். ஆரம்பக் கார்களில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்; கடைசி மாடலான எஸ்.வி.யின் பிற்காலக் கார்களில்தான் அதைப் பிரித்தார்கள். சிக்னலில் நிற்கும்போது கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கித் தீப்பிடித்த மியூராக்களும் உண்டு. இவ்வளவும் தெரிந்தும் என் பதில் மியூராதான்.

கே: கவுன்டாச் ஓட்டுபவர்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது கதவைத் தூக்கிவிட்டு விளிம்பில் உட்காருகிறார்களே, ஏன்?

பின்னால் ஒன்றும் தெரியாது, அதனால்தான். இன்ஜினையும் காற்று வாங்கிகளையும் தாண்டிப் பார்வை போகாது. இந்தக் காரில் இன்ஜின் நீளவாக்கில் இருக்கிறது. கியர்பாக்ஸ் அதற்கு முன்னால், இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே வந்துவிட்டது. கதவு மேலே எழும்புவதால், நெருக்கமான இடத்திலும் வெளியே தலை நீட்டிப் பார்க்கலாம். 1974 முதல் 1990 வரை விற்றார்கள். இறக்கையும் அகலமான மட்கார்டும் சேர்த்த பிந்தைய மாடல்களைவிட, முதலில் வந்த எல்.பி. 400 எவ்வளவோ மேல்.

கே: பழைய போர்ஷே 911 டர்போ ஆளைக் கொல்லும் கார் என்கிறார்கள். உண்மையா?

பழக்கமில்லாத கைக்கு ஆபத்தானது என்பது உண்மை. இன்ஜின் பின் ஆக்ஸிலுக்கும் (பின் சக்கர அச்சு) பின்னால் தொங்குகிறது. வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின் டயர் பிடி இழக்கும். அப்புறம் கயிற்றில் கட்டிச் சுழற்றிய கல் மாதிரி வால் முன்னே வரப் பார்க்கும். 1975-ல் வந்த டர்போவில் (புகையின் விசையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) இன்னொன்றும் சேர்ந்தது: மிதித்ததும் ஒன்றும் நடக்காது, சற்றுப் பொறுத்து 260 குதிரைத்திறனும் மொத்தமாக வந்து இறங்கும். அது வளைவின் நடுவில் வந்தால் என்ன ஆகும்?

வளைவுக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போது பிரேக்கை முடித்துவிடுங்கள். உள்ளே நுழைந்த பிறகு ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தபடியே வெளியேறுங்கள். அப்படி ஓட்டினால் பின்னால் இருக்கும் அதே எடை டயரைத் தரையில் அழுத்திப் பிடித்து, வளைவிலிருந்து உங்களைத் தள்ளி அனுப்பும். அது தனி சுகம்.

கே: ஜாகுவார் ஈ-டைப் பற்றி ஒரு வார்த்தை?

1961-ல் ஜெனீவாவில் அறிமுகமானபோது மணிக்கு 150 மைல் வேகம் என்றார்கள். விலையோ ஆஸ்டன் மார்ட்டினில் ஏறக்குறையப் பாதி. வடிவமைத்த மால்கம் சேயர் விமானத் துறையிலிருந்து வந்தவர். கோடுகளைக் கணக்குப் போட்டே வரைந்தார். வாங்குவதாக இருந்தால் முதல் வரிசைக் காராக (சீரிஸ் 1) பாருங்கள். ஹெட்லைட்டுக்கு மேல் கண்ணாடி மூடி இருக்க வேண்டும்.

கே: துபாயில் இருக்கிறேன். 1980-களின் ஃபெராரி டெஸ்டரோசா ஒன்று விலைக்கு வருகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், அந்தப் பக்கவாட்டுக் கம்பிகளை ரசியுங்கள். அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். ரேடியேட்டரை முன்னாலிருந்து பக்கங்களுக்கு மாற்றினார்கள். அதற்குக் காற்று போகும் பெரிய வாய்களை மறைப்பவைதான் அவை. முந்தைய மாடலில் சூடான தண்ணீர்க் குழாய்கள் கேபின் ஓரமாகப் போய் உள்ளே இருப்பவரை வேகவைத்தன. அந்தத் தொல்லை இதில் குறைந்தது.

அப்புறம் செலவு. இன்ஜின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே கீழே இறக்க வேண்டும். ஓடாமல் ஷெட்டில் நின்ற கார் என்றாலும் பெல்ட்டுக்கு வயதாகும். ‘குறைவாகத்தான் ஓடியிருக்கிறது’ என்று விற்பவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கடைசியாக பெல்ட் மாற்றிய பில்லை, தேதியோடு கேளுங்கள். பில் இல்லையென்றால் அந்த வேலைக்கான தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு கார் பாருங்கள்.