ஊருக்குப் போகும்போது நாயை எங்கே விடுவது? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

செல்லப்பிராணிகளைக் காப்பகத்தில் தங்கவைப்பது, அங்கே குளிப்பாட்டி முடி திருத்துவது ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இந்த இதழில் கால்நடை மருத்துவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: குடும்பத்தோடு பத்து நாட்கள் வெளியூர் செல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் நான்கு வயது லாப்ரடார் இதுவரை ஓர் இரவுகூட எங்களைப் பிரிந்து இருந்ததில்லை. காப்பகத்தில் விடலாமா? அந்த இடம் நல்ல இடம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: விடலாம். ஆனால் முதல் முறையே பத்து நாட்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பயணத்துக்கு மூன்று, நான்கு வாரங்கள் இருக்கும்போதே ஒரு முறை அரை நாளும், பிறகு ஒரு முறை ஓர் இரவும் அங்கே விட்டுப் பாருங்கள். விட்டுச் சென்றவர்கள் திரும்பி வருவார்கள் என்பதை நாய்க்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அது அனுபவத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஓர் இரவில் அது சாப்பிட்டதா, உறங்கியதா, விடாமல் குரைத்ததா என்பது தெரிந்துவிட்டால், பத்து நாட்களைப் பற்றி நீங்களும் காப்பகத்தாரும் துணிந்து முடிவெடுக்கலாம்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் என்ன கேட்க வேண்டும் என்று பட்டியல் போடுவதைவிட, அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இத்தனை ஆண்டு மருத்துவத்தில் நான் கண்டுகொண்ட நம்பகமான அடையாளம் இதுதான். தடுப்பூசி அட்டையை வாங்கித் தேதிகளைப் பார்க்கிறார்களா? எந்த உணவு, எத்தனை வேளை, எவ்வளவு என்று குறித்துக்கொள்கிறார்களா? இடிச் சத்தத்துக்கு நாய் பயப்படுமா, சாப்பிடும்போது யாராவது அருகில் வந்தால் உறுமுமா என்று விசாரிக்கிறார்களா? இவற்றில் ஒன்றையும் கேட்காமல் பணத்தை வாங்கிக்கொண்டு கூண்டைக் காட்டும் இடத்தில் உங்கள் நாயை விடாதீர்கள். அப்படிக் கேள்வியே இல்லாமல் சேர்க்கப்பட்ட நாய்களுக்கு நடுவில்தான் உங்கள் நாயும் இருக்கப்போகிறது.

தடுப்பூசியில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம், நாய்களின் குடலைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ். நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறும் இந்தக் கிருமி, தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. சாதாரணமாகத் தரை துடைக்கும் சோப்புத் திரவங்களுக்கு அது அடங்குவதில்லை. ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் என்ற அளவில் கலந்து, முன்பே அழுக்கு நீங்கக் கழுவிய தரையில் ஊற்றி, 10 நிமிடங்கள் ஊறவிட வேண்டும். அறைகளை எதைக் கொண்டு கழுவுகிறீர்கள் என்று கேளுங்கள்; விவரம் தெரிந்தவர்கள் தயங்காமல் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று, இரவில் அங்கே யார் இருக்கிறார்கள் என்பது. மார்பு ஆழ்ந்த பெரிய இனங்களுக்குத் திடீரென வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் நாய் பிழைக்காது. இரவு ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுக் காலை ஆறு மணிக்கு வரும் இடத்தில், கேமரா எத்தனை இருந்தாலும் அதைப் பார்த்து ஓடிவர ஆள் இல்லை. ஆகவே ஆள் தங்கும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். அவசரம் என்றால் எந்த மருத்துவரிடம் கொண்டு செல்லலாம், உங்களைத் தொடர்புகொள்ள முடியாதபோது சிகிச்சைக்கு யார் சம்மதம் தரலாம் என்பதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் சாப்பிடும் அதே உணவைப் பத்து நாட்களுக்கும் அளந்து கொடுத்தனுப்புங்கள். உணவைத் திடீரென மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். பிரிவின் பதற்றத்திலும் வயிற்றுப்போக்கு வரும். இரண்டும் சேர்ந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பது எங்களுக்கே சிரமம். கூடவே, நீங்கள் உடுத்திக் கழற்றிய, துவைக்காத ஒரு சட்டையையும் வையுங்கள்.

கேள்வி: காப்பகத்திலிருந்து அழைத்துவந்த ஐந்தாம் நாள், எங்கள் நாய் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் வறட்டு இருமல் இருமி, முடிவில் நுரையாகக் கக்குகிறது. எலும்புத் துண்டு ஏதும் விழுங்கியிருக்குமோ?

பதில்: எலும்பாகவும் இருக்கலாம் என்பதால் ஒரு முறை தொண்டையைப் பரிசோதித்துவிடுவது நல்லது. என்றாலும் நீங்கள் விவரிக்கும் இருமல், பெரும்பாலும் கென்னல் காஃப் என்று நாங்கள் அழைக்கும் தொற்றாகத்தான் இருக்கும். பல நாய்கள் ஒரே காற்றைச் சுவாசிக்கும் இடங்களில் போர்டெடெல்லா என்ற பாக்டீரியாவும், பாராஇன்ஃபுளுயன்ஸா போன்ற வைரஸ்களும் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. தொற்றிய இரண்டு நாட்களிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் இருமல் தொடங்கும் என்பதால், உங்கள் ஐந்தாம் நாள் கணக்கும் பொருந்துகிறது.

ஆரோக்கியமான நாய்க்கு இது பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அதுவரை கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டி இழுக்காமல் மார்புப்பட்டை போட்டு அழைத்துச் செல்லுங்கள். மற்ற நாய்களோடு சேரவிடாதீர்கள். காய்ச்சல், சாப்பாட்டை ஒதுக்குதல், மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், குட்டியாகவோ முதிய நாயாகவோ இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் வாருங்கள். மனிதர்களுக்கான இருமல் மருந்து கொடுக்கவே கூடாது.

காப்பகத்தார்மீது கோபம் வருவது இயல்பு. ஆனால் சுத்தமாக நடத்தப்படும் இடத்திலும், தடுப்பூசி போட்ட நாய்க்கும்கூட இது லேசாக வரக்கூடும். அவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுங்கள். அங்கே இப்போது தங்கியிருக்கும் நாய்களுக்கு அது உதவும். அடுத்த முறை, மூக்கில் விடும் தடுப்பு மருந்தைக் காப்பகத்தில் விடுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்கு வெயில் காலத்தில் மூச்சு வாங்குகிறது. காப்பகத்திலேயே முழுவதுமாக மொட்டை அடித்து, குளிப்பாட்டி அனுப்புவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: மொட்டை வேண்டாம். பொமரேனியன், ஹஸ்கி போன்ற இனங்களுக்கு மேலே நீண்ட முடியும் அடியில் பஞ்சு போன்ற முடியுமாக இரண்டு அடுக்குகள் உண்டு. தோலோடு ஒட்டச் சிரைத்தால் வெயில் நேராகத் தோலில் படும். அதைவிட வருத்தமானது, சில நாய்களுக்கு அந்த முடி ஓராண்டு கழிந்தும் திட்டுத்திட்டாகத்தான் முளைக்கும். இன்னும் சிலவற்றுக்குச் சில இடங்களில் முளைக்காமலே போய்விடும். உதிர்ந்த அடிமுடியைச் சீப்பால் வாரி எடுத்தாலே தோலுக்குக் காற்று கிடைக்கும். மூச்சு வாங்குவது குளிர்ந்த நேரத்திலும் இருந்தால், அது முடியால் வந்த தொல்லை அல்ல. இதயத்தையும் மூச்சுக்குழாயையும் பரிசோதிக்க வேண்டும்.

க்ரூமிங்கில், அதாவது குளிப்பாட்டி முடி திருத்துவதில், நான் அஞ்சுவது கத்தரியைவிட முடி உலர்த்தும் டிரையருக்குத்தான். ஈர நாயைக் கூண்டில் அடைத்து, சூடான காற்றை வீசவிட்டு, ஆள் வேறு வேலைக்குப் போய்விடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நாய் நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். மூடிய கூண்டின் சூட்டிலும் ஈரத்திலும் அது பலிக்காது. உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் இன்னும் விரைவில் விழுந்துவிடும். கையில் பிடித்துத்தான் உலர்த்துவீர்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சிக்கு விழுந்திருந்தால் நனைப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். நனைந்தால் அது இன்னும் இறுகும். ஒரு நாயின் காதுக்குப் பின்னால் கட்டைவிரல் அளவுக்குக் கம்பளித்துணிபோல் இறுகிப்போன சிக்கு ஒன்றை நான் வெட்டி எடுத்தபோது, அதன் அடியில் தோல் ஈரமாகச் சிவந்து, நடுவில் ஓர் உண்ணி புதைந்திருந்தது. மூன்று முறை அந்த நாயைக் குளிப்பாட்டியிருந்தார்கள். ஒருவரும் அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்க்கவில்லை. காதின் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு ஆகிய இடங்களை வீட்டுக்கு வந்ததும் நீங்களே தடவிப் பாருங்கள்.

கேள்வி: பூனையையும் அதே காப்பகத்தில் விடலாமா?

பதில்: தெரிந்தவர் ஒருவர் தினமும் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ள முடியுமானால் அதுவே மேல், பூனை ஆட்களைவிட இடத்தை அதிகம் பற்றிக்கொள்ளும். விட்டே ஆக வேண்டுமானால், நாய்கள் கண்ணில் படாத, குரைப்புக் கேட்காத தனி அறையும், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியும் வேண்டும். இரண்டு நாட்கள் பட்டினி கிடந்தாலே, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேரத் தொடங்கிவிடும் என்பதால், சாப்பிடவில்லை என்றால் மறுநாளே சொல்லச் சொல்லுங்கள். நாய்களுக்கான, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த உண்ணி மருந்து பூனைக்கு நஞ்சு. அதைப் பூசிய நாயோடு பூனை உரசுவதும் ஆபத்து.

கேள்வி: பதினொரு வயது நாய். வலிப்புக்காகத் தினமும் இரு வேளை மாத்திரை சாப்பிடுகிறது. காப்பகத்தில் விட்டால் கொடுப்பார்களா?

பதில்: கொடுப்பதாகச் சொன்னால் போதாது. நீங்கள் எதிரில் இருக்கும்போதே ஒரு வேளை மாத்திரையை அவர்களைக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். வலிப்பு மாத்திரை திடீரென நின்றால் வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, நாளையும் நேரத்தையும் மேலே எழுதிவையுங்கள். திரும்பி வந்ததும் மீதமுள்ள பொட்டலங்களை எண்ணுங்கள். காப்பகத்தார் தங்களால் இயலாது என்று வெளிப்படையாகச் சொன்னால் வருத்தப்பட வேண்டாம். மருத்துவமனையோடு இணைந்த காப்பகம் ஒன்றில் இடம் கேளுங்கள்.