பீலித் தண்ணீரில் மலம் கலந்திருக்கிறதா? மீற்றர் சொல்லாது

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். எங்கள் லயத்துக்கும் பக்கத்து இரண்டு லயங்களுக்கும் மலையிலுள்ள ஊற்றிலிருந்து பைப்பில் தண்ணீர் வருகிறது. பீலியில் பிடித்து அப்படியே குடிக்கிறோம். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் மழை தொடங்கினால் சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். போன மாதம் பில்டர் விற்பவர் ஒருவர் வந்து மீற்றர் வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு கம்பிகளைத் தண்ணீருக்குள் விட்டுக் கரண்ட் கொடுத்தார்; தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது. "இதில் மலம் கலந்திருக்கிறது, இதைக் குடித்தால் கிட்னியும் போய்விடும்" என்றார். தவணைக்கு பில்டர் தருகிறாராம். சிலர் முற்பணமும் கட்டிவிட்டார்கள். வாங்கலாமா? தண்ணீரை எங்கே பரிசோதிப்பது?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் தண்ணீரில் மலம் கலந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. மழையோடு வயிற்றோட்டம் வருவதே அதற்கு நல்ல அறிகுறி. ஆனால் அந்த மனிதர் செய்து காட்டிய இரண்டு வித்தைகளுக்கும் மலத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

கம்பி வித்தையை முதலில் பார்ப்போம். அந்தக் கம்பிகளில் ஒன்றாவது இரும்பு. கரண்ட் பாய்ந்ததும் இரும்பு கரைந்து துருவாகித் தண்ணீரில் கலக்கிறது. நீங்கள் பார்த்த செம்மண் நிறம் அவருடைய கம்பியின் துரு. அவர் கொண்டுவந்த பில்டர் தண்ணீர் நிறம் மாறாமல் இருந்திருக்கும். அதில் உப்புகளை எல்லாம் எடுத்துவிட்டதால் கரண்ட் சரியாகப் பாயாது, அவ்வளவுதான். மறுபடி வந்தால் அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை கறி உப்பைப் போட்டுவிட்டு அதே கம்பிகளை விடச் சொல்லுங்கள். அதுவும் செம்மண் நிறமாகும்.

மீற்றர் காட்டுவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை. கிருமியை அது பார்க்காது. 1000 லீட்டர் தாங்கியில் ஒரு கிராம் மலம் விழுந்து கலந்தால் மீற்றரின் எண் அசையக்கூட மாட்டாது. அதே தண்ணீரை ஆய்வுகூடத்தில் பார்த்தால் 100 மில்லிலீட்டருக்கு ஆயிரக்கணக்கில் மலக் கிருமிகள் இருக்கும். மலைநாட்டு ஊற்றுகளில் இயல்பாகவே உப்பு குறைவு. ஆகவே மீற்றரில் 'மிக நல்ல தண்ணீர்' என்று காட்டுவதே நெருப்புக் காய்ச்சலை (டைபாய்டை) கொண்டுவரலாம்.

கிட்னிக் கதை அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்திலிருந்து வந்தது. வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளிடையே ஒரு சிறுநீரக நோய் பரவலாக உண்டு. அங்கே நிலத்தடி நீர் கடினமானது, புளோரைட் கூடியது. அதற்காகத்தான் அங்கே தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. இயந்திரங்கள் வந்தன. அந்த ஊர்ப் பயத்தைப் பொதி கட்டி இங்கே மலைக்கு ஏற்றிக் கொண்டுவந்து, கொழுந்துச் சம்பளத்தில் தவணை கட்டச் சொல்கிறார்கள். ஏற்கனவே உப்பு குறைந்த தண்ணீரிலிருந்து உப்பை எடுப்பதற்கு எதற்கு அவ்வளவு காசு?

இன்னொரு வகைத் தரகரும் உண்டு. "அறிக்கை நாங்களே எடுத்துத் தருகிறோம்" என்று போத்தலைத் தானே நிரப்பிக் கொண்டு போவார். எங்கே நிரப்பினார், எத்தனை நாள் பையில் வைத்திருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஆய்வுகூடமும் தன்னிடம் வந்த போத்தலைப் பற்றி மட்டுமே சொல்லும். உங்கள் பீலியைப் பற்றி அது பொறுப்பேற்பதில்லை. போத்தல் நிரப்பப்படும்போது உங்களில் ஒருவர் பக்கத்தில் நிற்காத எந்த அறிக்கையையும் நம்ப வேண்டாம்.

சரி, நீங்கள் என்ன செய்வது? பரிசோதனைக்கு ஓடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேராகப் பைப் வழியே ஊற்று வரைக்கும் ஏறிப் போங்கள். மழை பெய்து ஓய்ந்த நாளாக இருந்தால் இன்னும் நல்லது. ஆய்வுகூடம் ஒரு நாளின் ஒரு போத்தலைப் பற்றித்தான் சொல்லும். அந்த நடை வருஷம் முழுக்க என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடும்.

ஊற்றுக்கு மேற்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடி இருந்தால் போதும் என்று வழக்கமாகச் சொல்வார்கள். சமவெளிக்கு அது சரி. இங்கே குழி மேலேயும் ஊற்று கீழேயும் இருக்கிறது. மேல்மண் மெல்லிசு, கீழே வெடிப்பு விழுந்த பாறை. வெடிப்பு வழியாகக் குழித் தண்ணீர் 50 அடியைத் தாண்டி எவ்வளவோ தூரம் போகும். புதிதாக வீடுகள் கட்டிய இடங்களில் மலசலகூடம் கட்டியவர்கள் கீழே யாருடைய ஊற்று இருக்கிறது என்று கேட்டார்களா என்பதே சந்தேகம். மாட்டுக் கொட்டில், மரக்கறித் தோட்டத்துக்குக் கொட்டி வைத்திருக்கும் கோழி எரு, இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டுச் சாணத்திலும் கோழி எருவிலும் மனிதனுக்கு நோய் தரும் கிருமிகள் உண்டு.

அப்புறம் ஊற்றடி. சுற்றிச் சுவர் இருக்கிறதா, மேலே மூடி இருக்கிறதா, மழைத் தண்ணீரைத் திருப்பிவிட மேற்பக்கம் கான் வெட்டியிருக்கிறதா? திறந்த ஊற்றில் மழை பெய்ததும் மலையில் கிடப்பதெல்லாம் இறங்கும். இடையிலுள்ள தாங்கியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். பல தோட்டங்களில் தூக்க மூடியே இருக்காது.

பைப்பை நான் கடைசியில் சொன்னாலும், பாதிக் குற்றவாளி அதுதான். பைப் கானுக்குள்ளேயே கிடக்கும். மூட்டுகளில் பழைய ரப்பரைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். தண்ணீர் ஓடும்போது அது வெளியேதான் கசியும், பரவாயில்லை. ஆனால் உங்களுக்குத் தண்ணீர் விடுவது காலையிலும் மாலையிலும் மட்டும்தானே? வால்வை மூடியதும் பைப் காலியாகி உள்ளே உறிஞ்சும். கானில் ஓடுகிற லயத்து அழுக்குத் தண்ணீர் அதே மூட்டு வழியாக உள்ளே போகும். மறுநாள் காலையில் முதலில் பிடிக்கிறவர் வீட்டுக் குடத்தில் அது வந்து சேரும். ஊற்று சுத்தமாக இருந்தும் பீலி அழுக்காக இருப்பது இப்படித்தான்.

இவ்வளவும் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, உங்கள் பகுதிப் பொது சுகாதார பரிசோதகரிடம், அதாவது பி.எச்.ஐ.யிடம் போங்கள். கிருமி நீக்கிய போத்தலில் மாதிரி எடுத்து அனுப்புவது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. வாய்ப் பேச்சாகக் கேட்டால் 'பார்ப்போம்' என்பார்கள். வயிற்றோட்டம் வந்த பிள்ளைகளின் எண்ணிக்கையையும் திகதிகளையும் எழுதி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கடிதமாகக் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் போத்தலை எடுத்துக்கொண்டு வருவது என்ற வழக்கம் எப்போது மாறுமோ தெரியவில்லை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பிராந்திய ஆய்வுகூடங்களில் கட்டணம் செலுத்தியும் பார்க்கலாம். இருபது முப்பது இரசாயனங்கள் அடங்கிய பெரிய பொதியை எடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களுக்குத் தேவை ஈ.கோலை எண்ணிக்கை. அந்தக் கிருமி மனிதரின், விலங்குகளின் குடலில் வாழ்வது. தண்ணீரில் இருந்தால் அண்மையில் மலம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மாதிரியை வெயில் காலத்தில் எடுத்து 'நல்லது' என்று அறிக்கை வாங்கி வைப்பதில் பயனில்லை. உங்கள் பக்கம் மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கி முதல் பெருமழை பெய்த மறுநாள் எடுங்கள். பண்டாரவளை, பதுளைப் பக்கத்தவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. போத்தல் ஐஸ் பெட்டியில் ஆறு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர வேண்டும், மிஞ்சிப் போனால் ஒரு நாள். சனிக்கிழமை எடுத்துத் திங்கட்கிழமை கொடுத்த மாதிரிக்கு மதிப்பில்லை. மலம் கலந்திருந்தால் கறுப்பாக மாறும் சின்னப் பரிசோதனைப் போத்தல் எங்காவது கிடைத்தால் பயன்படுத்தலாம். ஆனால் நம் குளிரில் அது மெதுவாகத்தான் மாறும். ஒரு நாளில் கறுக்கவில்லை என்று சந்தோஷப்படாமல் வெதுவெதுப்பான இடத்தில் மூன்று நாள் வரை வைத்துப் பாருங்கள்.

இனி, எல்லோரையும் குழப்புகிற ஒரு விஷயம். அறிக்கையில் இரண்டு வரிகள் இருக்கும்: 'மொத்தக் கோலிபோம்', 'ஈ.கோலை'. மலை ஊற்றுகளில் மொத்தக் கோலிபோம் ஒரு எண்ணும், ஈ.கோலை பூச்சியமும் வருவது சாதாரணம். கோலிபோம் என்பது ஒரு பெரிய குடும்பம். அதில் பல மண்ணிலும் அழுகிய இலையிலும் வாழ்பவை. மூடாத ஊற்றுக்குள் சருகு விழுந்தாலே அந்த எண் ஏறும். அதை மலம் என்று சொல்ல முடியாது. ஆனால் அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும், கீழே 'குடிக்க உகந்ததல்ல' என்று ஒரு வரி இருக்கும். விளக்கிச் சொல்ல யாரும் இல்லை. பில்டர்காரருக்கு அந்த ஒரு வரி போதும். இப்படி வந்தால் பதறாமல் ஊற்றை மூடி, தாங்கியைக் கழுவி, மறுபடி மழைக்குப் பின் ஒரு முறை பாருங்கள். இதிலேயும் ஒரு விலக்கு உண்டு: குளோரின் போட்ட தண்ணீரில் மொத்தக் கோலிபோம் வந்தால் அது சும்மா விடக்கூடியதல்ல. குளோரின் அவற்றையும் கொன்றிருக்க வேண்டும். கொல்லவில்லை என்றால் ஒன்று மருந்து போதவில்லை, அல்லது தாங்கிக்குப் பிறகு எங்கோ அழுக்கு உள்ளே வருகிறது. ஆகவே போடாத தண்ணீரில் அந்த எண்ணைப் பார்த்து அலற வேண்டாம், போட்ட தண்ணீரில் அதைப் பார்த்துச் சும்மா இருக்க வேண்டாம்.

ஈ.கோலைக்கு இலங்கைத் தரக் கட்டளையின் எல்லை 100 மில்லிலீட்டரில் பூச்சியம். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படி 10 வரை ஆபத்து குறைவு, 100 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். எண் பத்துக்குள் என்றால் மூடியையும் மூட்டையும் திருத்தும் வரை கொதிக்கவைத்துக் குடியுங்கள். நூறைத் தாண்டினால் அன்றைக்கே குளோரின் பற்றிப் பேச வேண்டும்.

நோய் எப்போது வரும் என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். வயிற்றோட்டம் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். நெருப்புக் காய்ச்சலுக்கு ஒன்று முதல் மூன்று கிழமை. தண்ணீரில் பரவும் செங்கமாரிக்குச் சுமார் ஒரு மாதம். அதாவது பிள்ளையின் கண் மஞ்சளாகும் நாளில் தண்ணீரைப் பரிசோதித்தால் சுத்தமாகக்கூட இருக்கலாம்; கெட்டது போன மாதத்து மழையில். 2007இல் கம்பளையில் செங்கமாரி பரவியபோதும் பேச்செல்லாம் குடிநீரைப் பற்றித்தான். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வயிற்றோட்டத்தில் முதல் ஆபத்து உடம்பின் தண்ணீர் வற்றுவது. கொதித்தாறிய தண்ணீரில் ஜீவனி (வயிற்றோட்டத்துக்கான உப்பு-சீனித் தூள்) கரைத்துக் கொடுங்கள். மலத்தில் இரத்தம், கண் குழி விழுதல், சிறுநீர் போகாமை, இவற்றில் எதைக் கண்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கொதிக்கவைப்பதைப் பற்றியும் ஒரு வதந்தி. மலையில் தண்ணீர் சரியாகக் கொதிக்காது, அதனால் கிருமி சாகாது என்பார்கள். 1868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் சுமார் 94 பாகையில் தண்ணீர் கொதிக்கும். அது தாராளமாகப் போதும். பொங்கிக் குமிழி விட்ட பிறகு ஒரு நிமிஷம் விடுங்கள். தேத்தண்ணீர் குடிப்பவருக்கு வயிறு கெடாமல் பீலியில் வாய் வைத்துக் குடிக்கும் பிள்ளைக்கு மட்டும் கெடுவதற்குக் காரணம் இதுதான். ஆறிய தண்ணீரைத் திறந்த வாளியில் வைத்துக் கப் விட்டு மொள்ளாதீர்கள், கையிலுள்ளது அதில் சேரும். மூடியும் டப்பும் உள்ள பாத்திரத்தில் வையுங்கள்.

மூன்று லயத்துக்கும் ஒரே தாங்கி என்றால் குளோரின்தான் மலிவு. 30 சதவீதக் குளோரின் உள்ள ரி.சி.எல். பவுடர் என்றால் 1000 லீட்டருக்கு ஏறக்குறைய 7 கிராம். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, அடியில் மண்டி படிந்த பிறகு மேல் தெளிவை மட்டும் தாங்கியில் ஊற்றி, அரை மணித்தியாலம் கழித்து வால்வைத் திறக்க வேண்டும். ஈரத்தில் வைத்த பவுடர் வீரியம் இழந்துவிடும். கலங்கல் தண்ணீரில் போட்டால் சேற்றிலேயே அது தீர்ந்துவிடும், முதலில் தெளியவிடுங்கள். பீலியில் லீட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சுகிறதா என்று பி.எச்.ஐ. பார்த்துச் சொல்லலாம். அளந்து போட ஒரே ஆள் இருக்கட்டும்.

ஊற்றுக்கும் பைப்புக்கும் யார் பொறுப்பு என்று கேட்டால், நிர்வாகம் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி ட்ரஸ்டைக் காட்டும், ட்ரஸ்ட் பிரதேச சபையைக் காட்டும், சபை 'அது தோட்டத்துக் காணி' என்று சொல்லும். அந்தக் கடைசிச் சாட்டு இப்போது செல்லாது. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகு தோட்டங்களுக்குள்ளும் சபை செலவு செய்யலாம். உங்கள் மலையிலிருந்து இறங்கும் கெஹெல்கமு ஓயா களனி கங்கையில் சேர்ந்து, அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பின் குழாய்களுக்குப் போகிறது. ஆற்றின் தலையில் இருப்பவர்களுக்கு ஊற்றுக்கு ஒரு மூடி கேட்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. எழுதுங்கள், நிர்வாகத்துக்கும் சபைக்கும் ஒரே கடிதம், நடந்து பார்த்த குறிப்போடு.

முற்பணம் கட்டியவர்கள் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு, கம்பி வித்தையை நம்பித்தான் காசு கொடுத்தோம் என்று எழுதி விற்பனையாளரிடம் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்யலாம். அவர் வைத்துவிட்டுப் போன தவணைப் படிவத்தில் இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் போடாமலே இருங்கள்.