பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டால் உண்மையிலேயே வேகமாகுமா? எந்த லினக்ஸ் போடலாம்?

நீங்கள் கொடுத்த விவரம்: மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்து வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும் தங்கைக்கு இது உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக உதவும். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம், அதில் பல வகை உண்டு. லினக்ஸ் மின்ட் என்ற வகையின் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப் பதிப்பைப் போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமே இல்லாத சேமிப்புச் சாதனமான எஸ்எஸ்டி ஒன்றை மாட்டுங்கள். உங்கள் லேப்டாப் திணறுவதற்கு முதல் காரணம் அந்த டிஸ்க்தான்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசஸர் சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும். சுழலும் தட்டின் மேல் ஒரு முள் அங்குமிங்கும் ஓடிப் படிக்கிறது. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை அதனால் நொடிக்கு நூறு, இருநூறு முறைதான் தேடி எடுக்க முடியும். சாதாரண எஸ்எஸ்டி அதையே ஆயிரக்கணக்கில் செய்கிறது. லினக்ஸ் பின்னணியில் செய்யும் வேலை குறைவு என்பதால் பழைய டிஸ்க்கிலும் ஓரளவு நன்றாக ஓடும். ஆனாலும் ஃபயர்ஃபாக்ஸ் திறக்கும்போது அதே காத்திருப்பு வரும். 240 ஜிபி எஸ்எஸ்டி போதும். 2.5 இன்ச் சாட்டா என்று கேட்டு வாங்குங்கள், பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும்.

என் சித்தி மகளின் 2012 மாடல் லேப்டாப்பில் இதைச் செய்தேன். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பின்மூடியைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க் ஒரு தகரத் தொட்டிலில் இருக்கும். தொட்டிலின் பக்கவாட்டுத் திருகுகளைக் கழற்றி, எஸ்எஸ்டியை அதே தொட்டிலில் மாட்டி, கனெக்டர் நேராகச் சேரும்படி தள்ளினால் முடிந்தது. மூடி திறந்திருக்கும்போதே ஃபேன் பக்கத் தூசியையும் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் ரேமுக்கு இன்னொரு இடம் காலியாக இருந்தால் ஒரு 4 ஜிபி சேர்க்கலாம். டிடிஆர்3எல் என்று கேளுங்கள், 1.35 வோல்ட், 1.5 வோல்ட் இரண்டிலும் அது ஓடும்.

எஸ்எஸ்டி மட்டும் போட்டு விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது குறைந்தது எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், உங்களிடம் இரண்டும் இல்லை. ஸ்காலர்ஷிப் விண்ணப்பமும் ஆதார் எண்ணும் அப்பாவின் வங்கிக் கணக்கும் புழங்கப்போகிற மெஷினில் பாதுகாப்பு அப்டேட் வராமல் இருப்பது ஆபத்து. மின்ட் 22 வரிசை உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பின் மேல் கட்டப்பட்டது, 2029 வரை அப்டேட் உண்டு. ஒரு பைசா செலவில்லை.

எந்த லினக்ஸ் என்ற கேள்விக்கு நெட்டில் பெரிய சண்டையே நடக்கும். பப்பி, ஆன்ட்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் வகைகள் சில நூறு எம்பி ரேமிலேயே ஓடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் ரேமைத் தின்பது டெஸ்க்டாப் இல்லை, பிரவுசர். யூடியூப் ஒரு டேப், ஜிமெயில் ஒரு டேப், கூகுள் டாக்ஸ் ஒரு டேப் திறந்ததும் ஒரு ஜிபிக்கு மேல் போய்விடும். டெஸ்க்டாப்பில் மிச்சம் பிடித்த சில நூறு எம்பி அங்கே கரைந்துவிடும். 4 ஜிபி இருக்கும்போது, லேசானதைத் தேடி ஓடுவதைவிட, முதல்முறை பார்ப்பவருக்கும் மெனு எங்கே, அப்டேட் எங்கே என்று உடனே புரிகிற ஒன்றைத்தான் நான் தருவேன்.

போடுவதற்கு முன்னால் சோதித்துப் பாருங்கள். ரூஃபஸ் என்ற இலவச விண்டோஸ் மென்பொருளை வைத்து 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை எழுதி, எஃப்12 அல்லது அந்த மாடலுக்கான கீயை அழுத்தி அதிலிருந்து பூட் செய்தால், எதையும் அழிக்காமல் முழு டெஸ்க்டாப்பும் வரும். வைஃபை, சத்தம், வெப்கேம், டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். பழைய பிராட்காம் வைஃபை சிப் இருந்தால் முதலில் நெட் வராமல் போகலாம். பதற வேண்டாம். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதற்கான டிரைவரை அதுவே காட்டும். எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை என்றால் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோய் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும்.

யூடியூப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், தங்கை பாடம் பார்க்கப்போவது அதில்தானே. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில்தான் வீடியோவை அனுப்புகிறது. மூன்றாம் தலைமுறை இன்டெல் சிப்பில் அவற்றைப் பிரிக்கும் வன்பொருள் கிடையாது. பிராசஸரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய, ஃபேன் அலறும். ஃபயர்ஃபாக்ஸில் எச்264ஐஃபை என்ற ஆட்-ஆனைப் போடுங்கள். யூடியூப் பழைய எச்.264 வடிவத்தில் வீடியோ தரும், அதை இந்தச் சிப் சுலபமாகக் கையாளும். 720பி-யில் பாடம் தங்குதடையில்லாமல் ஓடும்.

பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் எடுத்திருந்தால் இன்னும் நல்லது. நம் பாடப்புத்தகத்திலேயே விண்டோஸோடு உபுண்டுவும் இருக்கிறது. பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைதான். பைதான் மின்ட்டில் ஏற்கெனவே இருக்கும், சி++ கம்பைலரை சாஃப்ட்வேர் மேனேஜரில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ், எம்17என் என்ற இரண்டு மென்பொருள்களையும் போட்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டில் அடித்த ஃபைல்கள் மட்டும் யூனிகோடுக்கு மாற்றும்வரை புரியாத எழுத்தாகத் தெரியும்.

டாலி, போட்டோஷாப் இரண்டும் இதில் நேரடியாக ஓடாது. வீட்டில் யாராவது அவற்றை நம்பிப் பிழைக்கிறார்கள் என்றால் இந்த லேப்டாப்பை அந்த வேலைக்கு நினைக்காதீர்கள்.

இதைப் படிக்கும் வேறு யாராவது 1 ஜிபி ரேம், 32 பிட் ஆட்டம் நெட்புக் வைத்திருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். டெபியன் என்ற லினக்ஸின் 13-ஆம் பதிப்பில் 32 பிட் இன்ஸ்டாலரே இல்லை, ஃபயர்ஃபாக்ஸும் 32 பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது. ஆன்ட்டிஎக்ஸ் போட்டுக் கட்டுரை அடிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். ஆன்லைன் வகுப்புக்கு ஆகாது. ஆனால் 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அவற்றில் பலவற்றில், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. 64 பிட் பிராசஸராக இருந்து, ரேமும் 4 ஜிபிக்கு ஏற்ற முடிந்தால், இதே வைத்தியம் அவற்றுக்கும் பலிக்கும்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள். யூஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி அதில் போட்டால் பழைய போட்டோ, ஃபைல் எல்லாம் மின்ட்டிலேயே திறக்கும். தங்கைக்கு லினக்ஸ் பிடிக்கவில்லை என்றாலும் கவலையில்லை, பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டினால் விண்டோஸ் விட்ட இடத்திலேயே இருக்கும்.