பன்னிரண்டு பார் ப்ளூஸ்: ரிதம் கிட்டார் கேள்வி பதில்

பாலக்காட்டிலிருந்தும் எல்லையோர ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில், ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையில் ரிதம் வாசிப்பை, அதாவது பாட்டுக்குத் துணையாகத் தாளத்தோடு கோர்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களை) வாசிப்பதைப் பற்றியவற்றையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை: மாஸ்டர், தேவாலயப் பாடற்குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். ஏ, டி, ஈ கோர்டுகள் நன்றாக வரும். அவற்றைக் கொண்டு ப்ளூஸ் வாசிக்க எங்கே தொடங்குவது?

கோர்டுகள் வருகின்றன என்றால் இடக்கைக்குரிய வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. இனி உழைக்க வேண்டியது வலக்கை. முதலில் கோர்டு வரிசையை மனத்தில் இருத்துங்கள். நான்கு தட்டு சேர்ந்தது ஒரு பார். ஏ7 என்பது ஏ கோர்டோடு ஏழாம் சுரமும் சேர்ந்தது, டி7, ஈ7 ஆகியவையும் அப்படியே. நான்கு பார் ஏ7, இரண்டு பார் டி7, மீண்டும் இரண்டு பார் ஏ7, பிறகு ஈ7, டி7, ஏ7, ஈ7 என்று ஒவ்வொரு பார். ஏ என்பதை ஷட்ஜமாகக் கொண்டால் டி சுத்த மத்யமம், ஈ பஞ்சமம். எந்தச் சுருதிக்கு மாறினாலும் இந்த உறவு மாறாது.

அடுத்து, முழுக் கோர்டையும் விட்டுவிட்டு இரண்டு கம்பிகளை மட்டும் வாசியுங்கள். ஐந்தாம் கம்பியை அழுத்தாமல் விட்டு, நான்காம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டை (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உள்ள கட்டை) ஆள்காட்டி விரலால் பிடித்து இரண்டு அடி. மோதிர விரலால் நான்காம் ஃப்ரெட்டைப் பிடித்து இரண்டு அடி. ஷட்ஜத்தின் மேல் பஞ்சமமும் சதுஸ்ருதி தைவதமும் மாறி மாறி ஒலிக்கும். டிக்கு நான்காம், மூன்றாம் கம்பிகளும் ஈக்கு ஆறாம், ஐந்தாம் கம்பிகளும் இதே விரல்களுக்குப் பொருந்தும். எல்லா அடிகளும் கீழ்நோக்கியே இருக்கட்டும். ஒவ்வொரு தட்டிலும் இரண்டு அடி விழும். முதலடி நீண்டும் இரண்டாமடி குறுகியும் ஒலிக்க வேண்டும். அதுதான் ஷஃபிள். வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) அருகே கம்பிகளின் மேல் இலேசாக வைத்தால் ஒலி சிதறாமல் அடங்கி வரும். காலால் தட்டி, வாயால் பாரை எண்ணாமல் ஒருநாளும் வாசிக்காதீர்கள்.

மீனாட்சிபுரம்: எந்தக் கிட்டார் வாங்குவது?

கையில் இருப்பது சுருதி நிற்குமானால் அதுவே போதும்.

கல்பாத்தி: நான் மிருதங்கம் கற்றவன். நீங்கள் சொல்லும் ஷஃபிள், ஒரு தட்டை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடைதானே? பன்னிரண்டு பாருக்கு 48 தட்டு, அதாவது எட்டுத் தட்டுள்ள ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம் (சுற்று). எங்களுக்குப் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

உங்கள் கணக்கு சரி. ‘தகிட’ என்று சொல்லி நடு எழுத்தை மௌனமாக்கினால் ஷஃபிளின் வடிவம் கிடைத்துவிடும். தொடக்க மாணவர்களுக்கு நானும் அப்படித்தான் சொல்லித்தருகிறேன். ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவை ஏற்க மாட்டேன். ஆதி தாளம் போடும் கை ஒன்றிலும் ஐந்திலும் ஏழிலும் தட்டுகிறது. ப்ளூஸில் எடை ஒவ்வொரு பாரின் இரண்டாம், நான்காம் தட்டுகளில் விழுகிறது. சமத்தை (தாளத்தின் முதல் தட்டை) அழுத்தியே பழகிய கைக்கு இந்த இடமாற்றம் எளிதில் வராது.

கொல்லங்கோடு: அப்படியானால் கோயில்களில் வாசிக்கும் பஞ்சாரி செண்டை மேளம்? அதுவும் ஆறு அட்சரம்தானே, அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஷஃபிள் தானாக வராதா?

மூன்று மூன்றாகப் பகுக்கும் காது வரும், ஷஃபிள் வராது. பஞ்சாரியில் காலம் (மேளத்தின் கட்டம்) ஏற ஏற ஆவர்த்தனம் சுருங்கி வேகம் கூடுவதே அழகு. ப்ளூஸ் ரிதத்தில் தொடங்கிய வேகத்திலேயே கடைசி வரை நிற்பது கடமை. காலால் தட்டுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதற்காகத்தான்.

கல்பாத்தி, மறுபடியும்: எடை மாறலாம், நடை திஸ்ரம் என்பதை மறுக்கிறீர்களா?

மெதுவான ப்ளூஸில் மறுக்கவில்லை. அங்கே ஒவ்வொரு தட்டும் மூன்றாகவே பிரிந்து ஒலிக்கிறது. வேகம் கூடும்போது நீண்ட அடிக்கும் குறுகிய அடிக்கும் உள்ள வேறுபாடு குறைந்து, இரண்டும் சம அளவை நோக்கி நகர்கின்றன. அந்த நகர்வைச் சொற்கட்டில் (‘தகிட’ போன்ற தாளச் சொற்களில்) எழுதிவைக்க முடியாது, கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். ப்ளூஸ் பாடகர் ஜிம்மி ரீடின் 1950களின் சிகாகோ ஒலிப்பதிவுகளில், அவருக்குத் துணையாக எட்டி டெய்லர் வாசிக்கும் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். பிறகு இந்த விவாதத்தைத் தொடரலாம்.

வேலந்தாவளம்: வேகமாக வாசிக்க எத்தனை நாளாகும்?

இதே கேள்வி வேறு ஊர்களிலிருந்தும் வந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே பதில். மெட்ரோனோமை (சீராகத் தட்டு எழுப்பும் கருவியை) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, பன்னிரண்டு பாரையும் நிறுத்தாமல் பலமுறை சுற்றி வர முடியும்வரை வேகத்தைத் தொடாதீர்கள். காலால் தட்டுங்கள்.

கோவிந்தாபுரம்: சோலோவுக்கு (தனி வாசிப்புக்கு) எந்த ஸ்கேல் (சுரவரிசை)?

இந்தப் பகுதி ரிதத்துக்கு மட்டும். சோலோவை வேறொருவரிடம் கேளுங்கள்.

சித்தூர்: பாடகர் பாடத் தொடங்கியதும் எந்தப் பாரில் இருக்கிறேன் என்பதே மறந்துவிடுகிறது.

பாட்டையே துணையாகக் கொள்ளுங்கள். பன்னிரண்டு பார் ப்ளூஸில் பெரும்பாலும் மூன்று பாடலடிகள் உண்டு. முதலடி அப்படியே இரண்டாம் முறை வரும், மூன்றாமடி அதற்கு விடை சொல்லும். ஓர் அடிக்கு நான்கு பார். அதில் குரல் ஏறக்குறைய முதல் இரண்டு பாரில் முடிந்துவிடும், மீதி இரண்டும் வாத்தியத்துக்கு. எனவே முதலடி மறுபடி கேட்கும்போது டி7, விடை தொடங்கும்போது ஈ7. சில பாடல்களில் இரண்டாம் பாரிலேயே ஒருமுறை டி7 வந்து போகும். அதை முன்கூட்டியே பாடகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாளையாறு: எங்கள் குழுவில் இரண்டு கிட்டார். இருவரும் ஷஃபிளே வாசித்தால் இரைச்சலாக இருக்கிறது.

ஒருவர் கீழ்ச் சுருதியுள்ள தடித்த கம்பிகளில் ஷஃபிளைத் தொடரட்டும். மற்றவர் மேல் சுருதியுள்ள மூன்று மெல்லிய கம்பிகளில் கோர்டைப் பிடித்து, இரண்டாம், நான்காம் தட்டில் மட்டும் அடித்து, உடனே விரலைத் தளர்த்தி ஒலியை வெட்டட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடம் மாறிக்கொள்ளுங்கள். இருவருக்கும் இரண்டும் வர வேண்டும்.