முதுகில் புடைப்பு இல்லாத வண்டு

அன்புள்ள ஐயா,

நமீப் பாலைவனத்து வண்டு மூடுபனியிலிருந்து தண்ணீர் எடுப்பதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் கொடுத்தேன். முதுகில் இருக்கும் சின்னச் சின்னப் புடைப்புகள்தான் தண்ணீரைப் பிடிக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக தெர்மோகோலில் வண்டு செய்து முதுகெல்லாம் குண்டூசி குத்தி வைத்துவிட்டாள். இப்போது பார்த்தால், அந்த வண்டின் முதுகில் புடைப்பே கிடையாது என்று எங்கோ படித்துவிட்டு வந்து நிற்கிறாள். எது சரி? அப்புறம், ஒரு வண்டு தண்ணீர் குடிப்பதைப் பார்க்க வருஷக்கணக்கில் பாலைவனத்தில் உட்கார்ந்திருப்பதால் யாருக்கு என்ன பயன் என்று என் கணவர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

உங்கள் மகள் படித்ததுதான் சரி. நான் எழுதியது தவறு. பல இடங்களில் ஒரே மாதிரி எழுதியிருந்ததால் மூலக் கட்டுரைகளைத் தேடிப் பார்க்காமல் விட்டுவிட்டேன். அவள் கேட்ட பிறகுதான் எடுத்துப் படித்தேன். நடந்தது என்ன என்று சொல்கிறேன், உங்கள் கணவரின் கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

நமீபியாவில் குய்செப் என்று ஓர் ஆறு. பெரும்பாலான நாட்கள் வெறும் மணல்தான். அதன் தென்கரையில் பெரிய பெரிய மணல்மேடுகள், வடகரையில் சரளைக்கல் சமவெளி. அந்த ஆற்றங்கரையில் கோபபெப் என்ற இடத்தில் 1962-இல் சார்லஸ் கோக் என்ற பூச்சியியலாளர் ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். அங்கே ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் மழை ஏறக்குறைய 25 மில்லிமீட்டர்தான், உங்கள் ஊரில் ஐப்பசி மாதத்து ஒரு சாயங்காலம் கொட்டுகிற அளவு. ஆனால் அட்லாண்டிக் கடலில் பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுவதால், இரவில் கடலிலிருந்து மூடுபனி கிளம்பி ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிடும்.

அந்த மணல்மேட்டில் ஒனிமாக்ரிஸ் அங்விகுலாரிஸ் என்ற கறுப்பு வண்டு இருக்கிறது. இது பகல் பூச்சி. வெயில் ஏறிய பிறகு நடமாடும், இரவில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். மூடுபனி வரும் இரவில் மட்டும், கால் அசைக்கவே சிரமமான அந்தக் குளிரில், மணலை விட்டு வெளியே வந்து மெதுவாக மேட்டின் உச்சிக்கு ஏறுகிறது. அங்கே விளிம்பில் காற்று வரும் பக்கம் பார்த்து நின்று, பின்கால்களை நிமிர்த்தித் தலையைத் தாழ்த்திக்கொள்கிறது. முதுகில் பனி படிந்து துளி பெருத்து, மெல்ல உருண்டு வாய்க்கு வருகிறது. 1976-இல் வில்லியம் ஹாமில்டனும் மேரி சீலியும் இதை எழுதினார்கள். குடிப்பதற்கு முன்னும் பின்னும் வண்டுகளை எடை போட்டார்கள். சராசரியாக உடல் எடையில் 12 சதவீதம் கூடியிருந்தது, அதிகம் குடித்த வண்டுக்கு 34 சதவீதம். அறுபது கிலோ ஆள் ஒரே மூச்சில் இருபது லிட்டர் குடித்த கணக்கு!

இந்த வண்டின் முதுகில் புடைப்பு இல்லை. வழவழப்பான ஓடு, அதில் நீளவாக்கில் சில பள்ளக்கோடுகள், அவ்வளவுதான்.

அப்படியானால் புடைப்பு எங்கிருந்து வந்தது? 2001-இல் ஆண்ட்ரூ பார்க்கரும் கிறிஸ் லாரன்ஸும் வேறொரு வண்டை எடுத்து ஆய்வகத்தில் பார்த்தார்கள். புடைப்பின் நுனி தண்ணீரை ஈர்க்கிறது, இடையில் இருக்கும் மெழுகுப் பள்ளம் தண்ணீரை ஒட்டவிடுவதில்லை, அதனால்தான் துளி சேர்ந்து உருளுகிறது என்றார்கள். அப்படி ஒரு பரப்பைச் செய்தால் அது வேலை செய்யும் என்பது உண்மை, அதைப் பார்த்துப் பல பொருட்களையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஸ்டெனோகாரா என்று பெயரிட்ட வண்டு ஃபிசாஸ்டெர்னா என்ற வேறு இனம் என்று பின்னால் திருத்த வேண்டியிருந்தது. அந்த இரண்டுமே பனியில் போய்த் தலைகீழாக நிற்கிற வண்டுகள் இல்லை. 2010-இல் தாமஸ் நோர்கார்டும் மரீ டாக்கேயும் நான்கு வகை வண்டுகளைச் செயற்கைப் பனிக்குள் விட்டுப் பார்த்தபோது, ஒனிமாக்ரிஸ் அங்விகுலாரிஸ் ஒன்றுதான் தலையைத் தாழ்த்தி நின்றது. புடைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடிக்கிற திறனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். புடைப்பை நுண்ணோக்கியில் யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். "இந்தப் பூச்சிக்கு இது வெளியே வரும் நேரமில்லையே" என்பது மட்டும், அதன் வழக்கமான நேரம் என்ன என்று நாள் கணக்காகப் பார்த்து வைத்திருக்கிறவர்களுக்குத்தான் உறைக்கும். அந்தக் குளிரில் மேட்டு உச்சியில் ஆள் நின்றிருக்காவிட்டால் இந்த வண்டு தண்ணீர் குடிப்பதே நமக்குத் தெரிந்திருக்காது. பயன் என்று கேட்டால் எனக்கு இதுவே போதும். பக்கத்திலேயே லெபிடோகோரா என்று தட்டையான இன்னொரு வண்டு, பனிக்காற்றுக்குக் குறுக்கே மணலில் வரப்புக் கட்டி, அந்த வரப்பில் சேரும் ஈரத்தை உறிஞ்சுகிறது. அதையும் ஹாமில்டனும் சீலியும்தான் அதே 1976-இல் எழுதினார்கள். நம் வயலில் நீரைத் தேக்க வரப்புக் கட்டுவதுபோல ஒரு பூச்சி பனிக்குக் கட்டுகிறது என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, கண்காட்சிக்கு வருவோம். குண்டூசியைப் பிடுங்க வேண்டாம். அதே அளவில் இன்னொரு வண்டு செய்து, முதுகைச் சீராகத் தேய்த்து நீளக் கோடுகள் மட்டும் போடச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே சாய்வில் தலை கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். உண்மையான வண்டு சாய்வது ஏறக்குறைய 23 டிகிரி. பூவாளி வேண்டாம், அதில் துளி பெரிசாக விழும். செடிக்கு அடிக்கிற நுண்தெளிப்பான் சரியாக இருக்கும். தலைக்குக் கீழே ஆளுக்கொரு பாட்டில் மூடி வைத்து, சேர்ந்த தண்ணீரை நகைக்கடைத் தராசு கிடைத்தால் அதில் எடை போடட்டும். பத்துத் தடவையாவது செய்ய வேண்டும், ஒரு தடவை வந்ததை நம்பக்கூடாது.

எடைகளை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், குண்டூசி வண்டு ஜெயித்தாலும் சரி. பழைய கட்டுரையை இன்று காலையே திருத்திவிட்டேன்.