ஆய்வில் எழும் சந்தேகங்கள்: ஆய்வகம், மருத்துவமனை, வகுப்பறை

ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் செவிலியர்களும் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன. தரவு கைக்கு வந்த பிறகு, "இதை இனி எப்படிச் சரிசெய்வது?" என்கிறார்கள். சிலவற்றுக்கு அப்போதும் வழி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. இரண்டையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறோம்.

வேப்பிலை, நொச்சி இலை இரண்டிலும் எத்தனால் சாறு எடுத்து, பாக்டீரியா தடவிய அகர் கூழில் சாற்றுக்கு மூன்று குழி வெட்டி ஊற்றிப் பார்த்தேன், மாதிரிகளின் எண்ணிக்கை மூன்று என்று எழுதியிருக்கிறேன். குழியைச் சுற்றி பாக்டீரியா வளராத வட்டம் வேம்புக்கு 12 மி.மீ., நொச்சிக்கு 19 மி.மீ. வந்தது. நொச்சிக்குத்தான் பாக்டீரியாவைக் கொல்லும் சக்தி அதிகம் என்று எழுதலாமா? (எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் மாணவி)

எழுத முடியாது. வட்டத்தின் அகலம் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் காட்டுகிறது. ஒன்று, சாறு பாக்டீரியாவை எவ்வளவு தடுக்கிறது. இன்னொன்று, அகருக்குள் அது எவ்வளவு தூரம் ஊடுருவுகிறது. எண்ணெய்ப் பசையுள்ள, நீரில் கரையாத மூலக்கூறுகள் அகரில் நகரவே நகராது. வீரியமான பொருளும் குழியைச் சுற்றிச் சின்ன வட்டத்தோடு நின்றுவிடும். எனவே இந்த முறையை, "ஏதாவது விளைவு இருக்கிறதா" என்று முதற்கட்டமாகப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சாறுகளை ஒப்பிட வேண்டுமானால் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு 96 குழித் தட்டு போதும். சாற்றை வரிசையாகப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு குழியிலும் மில்லிக்குச் சுமார் 5 லட்சம் பாக்டீரியா இருக்கும்படி சேர்த்து, இரவு முழுக்க இன்குபேட்டரில் வையுங்கள். இலைச் சாறு பச்சையாக இருப்பதால் கலங்கலைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். கடைசியில் ரெசாசுரின் சாயம் சேர்த்தால், பாக்டீரியா உயிரோடு இருக்கும் குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். சாயம் மாறாத குழிகளில் மிகக் குறைந்த செறிவு எதுவோ அதுதான் விடை. சுத்திகரிக்காத சாற்றில் இது மில்லிக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால்தான் மேற்கொண்டு போகலாம் என்று இத்துறையில் பலரும் கொள்கிறார்கள். மில்லிக்கு 10 மில்லிகிராமில் வந்த விளைவைப் 'புதிய மருந்துக்கான நம்பிக்கை' என்று எழுதுவது நியாயமில்லை.

வட்டம் அளப்பதிலும் நான்கு இடங்களில் தவறு நடக்கிறது. முல்லர்-ஹிண்டன் அகர் 4 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். 90 மி.மீ. பெட்ரி தட்டுக்கு ஏறத்தாழ 25 மில்லி ஊற்ற வேண்டியிருக்கும். மெல்லியதாக ஊற்றினால் எல்லா வட்டமும் பெரிதாகத் தெரியும். பாக்டீரியாக் கலங்கல், கலங்கலின் அடர்த்தியைக் குறிக்கும் மெக்ஃபார்லண்ட் அளவுகோலில் 0.5 அளவுக்கு இருக்க வேண்டும், தயாரித்த 15 நிமிடத்துக்குள் தடவிவிட வேண்டும். குழியின் அடியில் இடைவெளி இருந்தால் சாறு அகருக்கும் கண்ணாடிக்கும் நடுவே கசிந்து பரவும். உருகிய அகரில் ஒரு சொட்டு விட்டு அடியை அடைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நான்காவதுதான் முக்கியம்: சாறு கரைத்த அதே கரைப்பானை அதே அளவில் தனிக் குழியில் ஊற்றிப் பாருங்கள். எத்தனால் முழுதாக ஆவியாகாமல் மிச்சமிருந்தால் நீங்கள் அளந்தது எத்தனாலின் வட்டமாகவே இருக்கலாம்.

இன்னொன்று. ஒரே சாற்றை மூன்று குழிகளில் ஊற்றிவிட்டு, 'மாதிரிகளின் எண்ணிக்கை மூன்று' என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு மாதிரியை மூன்று முறை அளந்தது, அவ்வளவுதான். தனித்தனியாக இலை பறித்து, தனித்தனியாகச் சாறு எடுத்து, தனித்தனி நாளில் செய்தால்தான் மூன்று. செடியின் உலர் மாதிரியை ஒரு ஹெர்பேரியத்தில், அதாவது உலர் தாவரக் காப்பகத்தில், கொடுத்து எண் வாங்குங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலோ கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ விசாரிக்கலாம். எந்தச் செடி என்று உறுதியாகாத ஆய்வை அடுத்தவர் திரும்பச் செய்து பார்க்க வழியில்லை.

வளரிளம் பெண்களிடையே ரத்தசோகை பற்றிய ஆய்வு. பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, பள்ளிக்கு 30 பேராக எடுக்கப் போகிறேன். மாதிரி அளவு 384 என்று சீனியர்கள் சொல்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது? எனக்கும் பொருந்துமா? (சமுதாய நலச் செவிலியர் பட்டமேற்படிப்பு)

பரவல் விகிதம் எவ்வளவு என்று எதுவுமே தெரியாதபோது 50 சதவீதம் என்று வைத்து, 5 சதவீதப் புள்ளி பிழை வரை ஏற்றுக்கொண்டால் வருவது 384. கணக்கு இதுதான்: 95 சதவீத நம்பகத்துக்குரிய 1.96-இன் வர்க்கத்தைப் பரவல் விகிதத்தால் பெருக்கி, ஒன்றிலிருந்து அந்த விகிதத்தைக் கழித்து வருவதாலும் பெருக்கி, பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். உங்களுக்கு விகிதம் தெரியும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களிடம் ரத்தசோகை அகில இந்திய அளவில் 59.1 சதவீதம். 0.59 என்று போட்டால் 372 வரும்.

இதோடு நிறுத்துவதுதான் பெரிய தவறு. நீங்கள் ஊர் முழுக்கப் பரவலாக ஆள் எடுக்கப் போவதில்லை, பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, பள்ளிக்கு 30 பேராக எடுக்கப் போகிறீர்கள். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே வட்டாரத்தவர், சாப்பாடும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே ஒருவரைப் போலவே அடுத்தவரும் இருப்பார். இந்த ஒற்றுமையை 0.05 என்று கொண்டால், 30-இல் ஒன்று குறைத்த 29-ஐ 0.05-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்ட 2.45 வரும். 372-ஐ இதனால் பெருக்க 912. பத்தில் ஒருவர் ரத்தம் கொடுக்க மறுப்பார் என்று எதிர்பார்த்தால் 912-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும், 1,014 வரும். பத்து சதவீதம் கூட்டிக்கொண்டால் போதும் என்று பலர் 1.1-ஆல் பெருக்குகிறார்கள். அப்படிச் செய்தால் கடைசியில் ஆள் குறையும். ஆக 34 பள்ளிகள். ஒரு பட்டமேற்படிப்புக்கு இது அதிகம் என்றால் பள்ளிக்கு 30 பேருக்குப் பதில் 10 பேர் எடுங்கள். பெருக்கும் எண் 2.45-லிருந்து 1.45-ஆகக் குறையும், மொத்தம் 600 பேர் போதும். ஆனால் பள்ளிகள் 60 ஆகும், அலைச்சல் கூடும். எது கட்டுப்படியாகும் என்று கைடோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்.

ஒருவேளை ஒரே ஒரு விடுதியில் உள்ள 600 பேரைப் பற்றி மட்டும்தான் ஆய்வு என்றால் கணக்கு நேர்மாறாகக் குறையும். அங்கே 372-க்குப் பதில் 230 பேர் போதும். ஆனால் முடிவும் அந்த விடுதிக்கு மட்டுமே பொருந்தும்.

ரத்தம் எடுக்கும்போது விரலைப் பிதுக்காதீர்கள். திசுநீர் கலந்து ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, தானாகத் திரளும் சொட்டை எடுங்கள். விரலில் எடுத்த அளவையும் நரம்பில் எடுத்த அளவையும் ஒரே அட்டவணையில் கலக்கவும் கூடாது.

நோயாளிகளிடம் தகவல் எடுத்து முடித்துவிட்டேன். இதழுக்கு அனுப்பும்போது எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எண் கேட்கிறார்கள். இப்போது வாங்க முடியுமா?

முடியாது. நெறிமுறைக் குழு அனுமதி பின்தேதியிட்டுத் தரப்படுவதில்லை. தரச் சொல்லிக் கேட்பதும் தவறு. பழைய மருத்துவப் பதிவேடுகளை, பெயர் நீக்கி, இனிமேல்தான் ஆராயப் போகிறீர்கள் என்றால் தனித்தனி ஒப்புதல் வேண்டாம் என்று குழு விலக்கு தரலாம். அந்த விலக்கைத் தருவது குழுவின் வேலை, ஆய்வாளர் தானே எடுத்துக்கொள்ள முடியாது.

பயிற்சி, உணவுமுறை, யோகா, செவிலியர் ஆலோசனை என்று ஏதாவது ஒன்றைப் பங்கேற்பாளருக்குக் கொடுத்து விளைவைப் பார்க்கும் ஆய்வு என்றால் இன்னொரு படி உண்டு. ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 2007 முதல் இயங்கும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ.-யில், பதிய வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன் பதிந்தால் மட்டுமே ஏற்கிறார்கள். கட்டணம் இல்லை. குழுவின் அனுமதிக் கடிதத்தை ஏற்ற வேண்டியிருப்பதால் வரிசை மாறாமல் போங்கள்: முதலில் குழு, பிறகு பதிவேடு, அதன் பிறகே நோயாளி. 7 முதல் 18 வயதுப் பிள்ளைகள் என்றால் பெற்றோர் கையெழுத்தோடு பிள்ளையின் இசைவும் தேவை.

9ஆம் வகுப்பு ஏ பிரிவுக்கு மனவரைபட முறையிலும் பி பிரிவுக்கு வழக்கமான முறையிலும் அறிவியல் நடத்தினேன். பிரிவுக்கு 30 பேர். இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையில் ஏ பிரிவு தெளிவாக முன்னால் நிற்கிறது. ஆனாலும் தேர்வாளர் ஏற்கவில்லை. ஏன்? (எம்.எட். மாணவர்)

தேர்வாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாணவர்கள் 60 பேர் என்றாலும் முறை மாறியது இரண்டே வகுப்புகளுக்கு. ஏ பிரிவுக்கு முதல் பீரியட், பி பிரிவுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட் என்றிருந்தால் வேறுபாடு அதனால்கூட வந்திருக்கலாம். மதிப்பெண் பார்த்துப் பிரிவு பிரிக்கும் பள்ளி என்றால் கேட்கவே வேண்டாம். பின்தேர்விலேயே 'மனவரைபடம் வரைக' என்று ஒரு கேள்வி இருந்தால், ஏ பிரிவு ஜெயிக்கும்படி நீங்களே ஏற்பாடு செய்ததாகிவிடும். முன்தேர்வுச் சராசரி 25-க்கு 20 என்றால் ஏறுவதற்கு அதிக இடமில்லை.

கையில் உள்ள தரவுக்குச் செய்யக்கூடியது: முன்தேர்வு மதிப்பெண்ணை இணைமாறியாக வைத்து உடன்மாறுபாட்டுப் பகுப்பாய்வு (தொடக்க வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு ஒப்பிடும் முறை) செய்யுங்கள், ஆய்வைப் 'பகுதிச் சோதனை' (குலுக்கலில் குழு பிரிக்காத ஆய்வு) என்றே குறிப்பிடுங்கள், வகுப்பு வேறுபாட்டை வரம்புகள் பகுதியில் வெளிப்படையாக எழுதுங்கள். அடுத்த பருவத்தில் நேரம் கிடைத்தால் முறையை மாற்றிப் போடுங்கள். முதல் பாடத்தை ஏ பிரிவு புதிய முறையில் படிக்கட்டும், இரண்டாவது பாடத்தைப் பி பிரிவு புதிய முறையில் படிக்கட்டும். இரண்டு தடவையும் புதிய முறையே மேலே வந்தால் வகுப்பு வேறுபாடு என்ற சந்தேகம் பெருமளவு விலகும். மூன்று நான்கு வாரம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் ஒரு நினைவுத் தேர்வும் வையுங்கள். புதுமையின் உற்சாகத்தில் ஏறிய மதிப்பெண் பெரும்பாலும் அங்கேதான் இறங்கும்.

'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' போன்ற கட்டங்களில் டிக் போடும் லைக்கர்ட் வினாநிரலைத் தமிழாக்கி 40 பேரிடம் பார்த்தேன். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரோன்பாக் ஆல்ஃபா 0.38 தான் வந்தது. கருவியையே மாற்ற வேண்டுமா?

முதலில் எதிர்மறைக் கூற்றுகளின் மதிப்பெண்ணைத் திருப்பினீர்களா என்று பாருங்கள். ஐந்து புள்ளி அளவையில் 6-லிருந்து அந்த மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும். இதை மறந்தால் ஆல்ஃபா இப்படித்தான் விழும். ஒவ்வொரு கூற்றுக்கும் மொத்தத்துக்கும் உள்ள ஒட்டுறவைப் போட்டுப் பார்த்தால் எது கழித்தல் குறியோடு நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

திருப்பிய பிறகும் குறைவென்றால் மொழியில் சிக்கல். 'எனக்குக் கணிதத்தின் மேல் பயம் இல்லை' என்று கொடுத்துவிட்டு 'மறுக்கிறேன்' என்ற கட்டத்தையும் வைத்தால், பயப்படுகிற பிள்ளை எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று தடுமாறும். 'கணிதம் என்றாலே எனக்குப் பயம்' என்று நேராக எழுதுங்கள். எட்டுப் பத்துப் பேரை உட்கார வைத்து, ஒவ்வொரு கூற்றையும் உரக்கப் படித்து, என்ன புரிந்தது என்று அவரவர் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். தமிழாக்கத்தைத் திரும்ப மூல மொழிக்கு மாற்றிப் பார்க்கும் மறுமொழிபெயர்ப்பில் பிடிபடாத கோளாறுகள் இதில் பிடிபடும். கூற்றுகளைப் பெருக்கினாலே ஆல்ஃபா ஏறும் என்பதால், ஒன்றையே நான்கு விதமாகக் கேட்டு எண்ணை ஏற்ற வேண்டாம்.

பி மதிப்பு 0.06 வந்திருக்கிறது. இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால் 0.05-க்குக் கீழே போய்விடும் போலிருக்கிறது. சேர்க்கலாமா?

கூடாது. பி மதிப்பு என்பது, உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரக்கூடிய வாய்ப்பு. அந்த எண் இறங்கும்வரை ஆள் சேர்த்துக்கொண்டே போனால், உண்மையில் ஒன்றும் இல்லாத இடத்திலும் என்றாவது ஒருநாள் இறங்கத்தான் செய்யும். இருபக்கச் சோதனையை இப்போது ஒருபக்கமாக மாற்றுவதும் அதே ரகம். வேறுபாட்டையும் அதன் நம்பக இடைவெளியையும் (உண்மை அளவு இருக்கக்கூடிய எல்லைகளை) எழுதுங்கள். உதாரணமாக, ரத்த அழுத்தம் சராசரியாக 6 மி.மீ. குறைந்தது, 95 சதவீத இடைவெளி 0.3 மி.மீ. கூடுதல் முதல் 12.3 மி.மீ. குறைவு வரை என்று எழுதினால், பயன் இருக்கலாம், உறுதிப்படுத்தப் பெரிய ஆய்வு தேவை என்பது மருத்துவருக்குப் புரிந்துவிடும்.

மின்னஞ்சலில் ஒரு இதழ் அழைத்தது. மூன்றே நாளில் வெளியிடுகிறார்களாம். ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் இருக்கிறது. அனுப்பலாமா?

ஐ.எஸ்.எஸ்.என். என்பது வரிசை எண் மாதிரி, தரச் சான்று கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) ஏற்ற இதழ்களைக் காட்டிவந்த கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டுவிட்டதால், 'கேர் பட்டியலில் உள்ள இதழ்' என்று இன்னமும் விளம்பரம் செய்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருப்பதாகச் சொன்னால் ஸ்கோபஸ் தளத்துக்கே போய்த் தேடுங்கள், சேர்ப்பு நிறுத்தப்பட்ட இதழா என்பதும் அங்கே தெரியும். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துவோரும் உண்டு. ஆகவே மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தாமல், தளத்தை நீங்களே தேடிப் போங்கள். பழைய கட்டுரைகளில் இரண்டைத் திறந்து படித்தாலே பாதி தெரிந்துவிடும். மூன்று நாளில் இரண்டு வல்லுநர்கள் படித்துக் கருத்துச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

தமிழில் எழுதிய தீசிஸ். ஒப்புமைச் சோதனையில் 0 சதவீதம் வந்ததால் கைடு சந்தேகப்படுகிறார். நான் எதையும் காப்பியடிக்கவில்லை.

நீங்கள் தட்டச்சு செய்தது பாமினி போன்ற பழைய எழுத்துருவாக இருக்க வேண்டும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும்தான். மென்பொருள் அதை எந்தத் தமிழ்ப் பக்கத்தோடும் ஒப்பிட முடியாமல் பூஜ்யம் காட்டுகிறது. யூனிகோடுக்கு மாற்றி மறுபடி கொடுங்கள். மாற்றியபின் கொம்பும் காலும் வரும் கொ, கோ, கௌ எழுத்துகள், ஸ்ரீ, இடையே வரும் ஆங்கிலச் சொற்கள், அட்டவணைகள் ஆகியவற்றை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் உடையும்.

இனி வரும் எண்ணுக்கு யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதி இப்படி: 10 சதவீதம் வரை பிரச்சினையில்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நூற்பட்டியல், நன்றியுரை, உரிய அனுமதியோடும் குறிப்போடும் தந்த மேற்கோள் ஆகியவை கணக்கில் வராது. இலக்கியத் தீசிஸில் பாடல் மேற்கோள்கள் நிறைய இருக்கும் என்பதால், அவற்றை மேற்கோள் குறிக்குள் வைத்து, மேற்கோள்களை விலக்கும் தேர்வை நூலகர் சோதனையில் போட்டிருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.